ஹார்மோன் ஊசியும் அப்பாவின் எலும்பும்: ஸ்கேன் நார்மல் என்றால் மணிக்கட்டு ஏன் உடைந்தது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு முடிந்து, ஒன்றரை வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். பிஎஸ்ஏ, அதாவது இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, நன்றாக இறங்கிவிட்டது. போன் ஸ்கேனில் நோய் எலும்புக்குப் போகவில்லை. ஆனால் போன மாதம் ராத்திரி பாத்ரூம் போகும்போது சறுக்கி, கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஸ்கேன் நார்மல் என்றால் ஏன் உடைந்தது, ஊசியை நிறுத்திவிடலாமா, எலும்புக்கு மருந்து ஏற்றுவதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்களே, பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவின் மருந்தகத்தில் பல வருடம் உட்கார்ந்தவன். இதே கேள்விகள் கவுன்டரில் எத்தனையோ முறை வந்திருக்கின்றன.

அவசரமான பதில் ஒன்று: ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். எவ்வளவு காலம் போட வேண்டும் என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் நம் பேச்சுவழக்கால் வருவது. மூட்டு தேய்ந்தாலும் நாம் "எலும்பு தேய்மானம்" என்கிறோம், எலும்பு உள்ளே பஞ்சு மாதிரி ஆனாலும் அதே பெயர்தான் சொல்கிறோம். முன்னது வயதான பலருக்கும் முழங்காலில் வருவது. பின்னதுதான் எலும்பு மெலிவு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். இதற்கு வலியே கிடையாது, உடைகிற வரைக்கும் எதுவும் தெரியாது. இது போதாதென்று "எலும்பு ஸ்கேன்" என்ற பெயரில் இரண்டு சோதனைகள் நடக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு எடுத்தது போன் ஸ்கேன். ஊசியில் கதிரியக்க மருந்து போட்டு, சில மணி நேரம் காத்திருக்க வைத்து, புற்றுநோய் எலும்பில் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுவது. எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது டெக்ஸா ஸ்கேன். ஊசி கிடையாது, வலி கிடையாது, பத்து இருபது நிமிடம் படுத்திருந்தால் போதும். "போன் ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்" என்று நிம்மதியாக இருந்த வீடுகளில் டெக்ஸா என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் நிறையப் பேர். உங்கள் வீடும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சரி, ஊசி எலும்பை என்ன செய்கிறது?

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனை நிறுத்தினால் புராஸ்டேட் புற்றுநோய் சுருங்கும் என்பதை 1941-ல் காட்டியவர் சிகாகோவில் இருந்த சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். அப்போது முக்கிய வழி விரைகளை அறுவை செய்து எடுப்பது, இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் மருந்து கொடுப்பது. பிறகு மூளையின் அடியிலிருந்து விரைகளுக்குக் கட்டளை போகும் பாதையைக் கண்டுபிடித்தார்கள், அந்த வேலைக்கும் 1977-ல் நோபல் கிடைத்தது. லூப்ரோலைட், கோசெரெலின், டிரிப்டோரெலின் எல்லாம் அந்தக் கட்டளையைக் குழப்பி, சில வாரங்களில் டெஸ்டோஸ்டீரோனை அநேகமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் ஊசிகள். டெகாரெலிக்ஸ் கட்டளையை நேரடியாகவே அடைக்கிறது.

இதில் பலருக்கும் ஆச்சரியமான விஷயம், ஆணின் எலும்பைக் காப்பதில் பெரிய பங்கு ஈஸ்ட்ரோஜனுக்கு. ஆம், பெண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் அதேதான். ஆண் உடலில் டெஸ்டோஸ்டீரோனின் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது பெரும்பாலும் அதுதான். டெஸ்டோஸ்டீரோன் போனால் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து போகிறது. அம்மாக்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பில் நடப்பது அப்பாக்களுக்கு ஊசி போட்ட சில மாதங்களில் நடக்கிறது. உடம்பில் சூடு அலையலையாக எழுந்து வியர்த்துக் கொட்டுகிறதே, அதுவும் அதே காரணத்தால்தான்.

வயதான ஆண்களுக்கு இயல்பாக வருடத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை எலும்பு அடர்த்தி குறையும். ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு முதல் வருடத்திலேயே இரண்டு முதல் ஐந்து சதவீதம் வரை போகலாம். இதன் விளைவு 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. புராஸ்டேட் புற்றுநோய் வந்த 50,613 ஆண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். நோய் தெரிந்து ஐந்து வருடமாவது உயிரோடு இருந்தவர்களில், ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களுக்கு 19.4 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவு. பெறாதவர்களுக்கு 12.6 சதவீதம். "ஊசிக்குப் பதில் ஆபரேஷன் பண்ணியிருந்தால் இது வந்திருக்காதே" என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார். விரைகளை எடுத்தாலும் டெஸ்டோஸ்டீரோன் போகத்தான் போகிறது, எலும்பும் அதே வழியில்தான் போகும். எப்படி நிறுத்தினோம் என்பது எலும்புக்குத் தெரியாது.

ஆக, அப்பாவுக்கு முதலில் வேண்டியது டெக்ஸா. உண்மையில் முதல் ஊசி போடும்போதே எடுத்திருக்க வேண்டியது, பரவாயில்லை, இப்போது எடுங்கள். டி ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் நலம், மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் என்றால் குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்பு மெலிவு. அந்தத் தாளைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எழுபது வயதுக்காரர்களின் முதுகெலும்பில் ஓரங்களில் எலும்பு முளைத்துத் தடித்திருக்கும். ஸ்கேன் அதையும் சேர்த்து எண்ணிவிடும். அதனால் முதுகு எண் அழகாக இருந்து இடுப்பு எண் மோசமாக இருக்கும். இடுப்பு எண்ணை நம்புங்கள். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் போனவர்களுக்கும் இதே தொல்லை உண்டு, ஏனென்றால் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பை அரிப்பதற்குப் பதில் தாறுமாறாகக் கட்டிவிடும். ஸ்கேனில் அடர்த்தி அதிகமாகத் தெரியும், எலும்போ உறுதியில்லாமல் இருக்கும்.

எண் எப்படி வந்தாலும், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்தது என்பது தனியாக ஒரு துப்பு. டாக்டரிடம் அதை அழுத்திச் சொல்லுங்கள். முதுகெலும்பை ஒருமுறை பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கலாமா என்றும் கேளுங்கள். முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கும், பலருக்கு அது முறிவு என்றே தெரியாது. உயரம் குறைந்திருக்கும், கூன் விழுந்திருக்கும், சட்டை முன்பக்கம் மட்டும் நீளமாகத் தொங்கும். பழைய அடையாள அட்டையில் உயரம் குறித்திருந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து மருந்து. இங்கேதான் பக்கத்து வீட்டுக்காரர் கதை பயன்படாது. பெயர் ஒன்றுதான், அளவு இரண்டு. நோய் எலும்புக்குப் பரவி, ஹார்மோன் ஊசிக்கும் அடங்காமல் போனவர்களுக்கு ஜோலெட்ரோனிக் அமிலம் 4 மி.கி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவது வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினாலே போதும் என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. டெனோசுமாப் என்றால் அவர்களுக்கு 120 மி.கி., மாதாமாதம். உங்கள் அப்பா மாதிரி நோய் பரவாமல் எலும்பு மட்டும் மெலிந்தவர்களுக்கு அளவே வேறு. ஜோலெட்ரோனிக் அமிலம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, அல்லது டெனோசுமாப் 60 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையும் உண்டு. ஆனால் அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நம் அப்பாக்கள் மாத்திரை போட்ட கையோடு காபி கேட்பார்கள்.

டெனோசுமாபுக்கு இந்த இடத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 1,468 ஆண்களிடம் நடந்த சோதனை, 2009-ல் வெளியானது. இரண்டு வருடத்தில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் அடர்த்தி மருந்து போட்டவர்களுக்கு 5.6 சதவீதம் ஏறியது, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 1 சதவீதம் இறங்கியது. மூன்று வருடத்தில் புதிதாக முதுகெலும்பு முறிந்தவர்கள் 1.5 சதவீதம், மற்ற பக்கம் 3.9. ஆனால் இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. தேதி தவறினால் கோபித்துக்கொள்ளும். ஆறு மாதம் தாண்டி ஏழாவது மாதமும் போடாமல் விட்டால், அதுவரை அடங்கியிருந்த எலும்பு கரைப்பு மொத்தமாகத் திரும்பி, ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்குவதுண்டு. நிறுத்துவதானால் அதற்குப் பதில் வேறு மருந்து கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். அதனால் ஊரில் தனியாக இருப்பவர், ஆஸ்பத்திரிக்கு வர யாராவது கூட வேண்டும் என்பவர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம்தான் சௌகரியம் என்பது என் கட்சி. அது எலும்பிலேயே தங்கிவிடும், ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பழிவாங்காது.

அதற்குத் தடை சிறுநீரகம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். முதல் நாளிலிருந்தே தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். மணிக்கட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. முதல் முறை ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். "மருந்து ஒத்துக்கவில்லை" என்று பயந்து பலர் அடுத்த முறை வருவதில்லை. பாராசிட்டமால் போட்டால் ஓரிரு நாளில் போய்விடும், அடுத்த முறைகளில் பெரும்பாலும் அவ்வளவு வராது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு டெனோசுமாப் கொடுக்கலாம், ஆனால் அவர்களுக்குத்தான் ரத்தத்தில் கால்சியம் அபாயமாக இறங்கும். டயாலிசிஸ் செய்பவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2024 ஜனவரியில் கடுமையான எச்சரிக்கையே விட்டது. உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் இழுத்துப் பிடிப்பது, இதெல்லாம் அதன் அறிகுறி.

இப்போது பல். இந்த இரண்டு மருந்துகளும் எலும்பு கரைவதை நிறுத்துகின்றன. ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறுவதற்குத் தாடை எலும்பு கொஞ்சம் கரைந்து, புதிதாகக் கட்டப்பட வேண்டும். அந்த வேலை நின்றுபோனால் குழி மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்து, சீழ் பிடித்து, மாதக்கணக்கில் படுத்தும். புற்றுநோய் பரவியவர்களுக்குக் கொடுக்கும் பெரிய அளவில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இது வருகிறது. அப்பாவுக்குக் கொடுக்கப்போகும் சிறிய அளவில் மிகமிக அபூர்வம். ஆனாலும் பிடுங்க வேண்டிய பல்லை இப்போதே பிடுங்கி, ஈறு ஆறிய பிறகு மருந்தை ஆரம்பித்தால் வம்பே இல்லை. வெற்றிலை புகையிலை போட்ட வாய் என்றால் ஆடும் பல் இரண்டு மூன்றாவது இருக்கும். செட் பல் கட்டியிருந்தால் அது ஈறை உரசுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து ஆரம்பித்த பிறகு பல் சுத்தம் செய்வது, அடைப்பது, ரூட் கெனால் எல்லாம் செய்யலாம். பிடுங்குவதும் பல் பதிப்பதும்தான் கேட்டுச் செய்ய வேண்டியவை. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் "எலும்புக்கு இந்த மருந்து ஏற்றியிருக்கிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லட்டும்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் இதற்கெல்லாம் அடித்தளம். ஆனால் அவை மட்டுமே ஊசியின் சேதத்தைத் தடுக்காது. "கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறாரே" என்று திருப்தியாக இருக்க வேண்டாம். நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. வேண்டும், சாப்பாட்டையும் சேர்த்து. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு பெரிய டம்ளர் பாலில் 250 மி.கி. பக்கம். காலையில் கேழ்வரகுக் கூழ், இரண்டு வேளை மோர் அல்லது தயிர், வாரத்தில் சில நாள் முருங்கைக்கீரை, அசைவம் சாப்பிடுபவர் என்றால் முள்ளோடு நெத்திலி. பாதிக்கு மேல் தட்டிலேயே வந்துவிடும், மீதிக்கு ஒரு மாத்திரை. மாத்திரை அட்டையில் 1,250 என்று இருந்தால் அது கால்சியம் கார்பனேட்டின் எடை, அதில் கால்சியம் 500 தான். கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அப்பா தினமும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடும் ரகம் என்றால் கார்பனேட் சரியாகச் சேராது, சிட்ரேட் வகை கேளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வைட்டமின் டி-யில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. 60,000 யூனிட் பொடிப் பாக்கெட், வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பெரியவர் மூன்று வாரத்தில் மறுபடி கவுன்டருக்கு வந்து "தீர்ந்துபோச்சு தம்பி" என்றார். பாலில் கலந்து தினமும் ஒன்று. எட்டுப் பாக்கெட் வாங்கியவர், தீர்ந்ததும் வெளிக்கடையில் இன்னும் வாங்கியிருக்கிறார். மலச்சிக்கல், வாந்தி, ஒரே தாகம் என்று மருமகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிடந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாக்கெட் யாருக்குக் கொடுத்தாலும் ஞாயிறு, ஞாயிறு என்று உறை மேலேயே பேனாவால் எழுதிக் கொடுப்பேன்.

மருந்துச் சீட்டில் வராத ஒன்றைத்தான் நான் அதிகமாக வலியுறுத்துவேன். முதுகெலும்பை விட்டுவிட்டால், எலும்பு மெலிந்தால் மட்டும் பெரும்பாலும் உடையாது, விழுந்தால்தான் உடையும். புராஸ்டேட் நோயாளிகள் விழுவதற்கு ஏகப்பட்ட காரணங்கள் கூடி வருகின்றன. ராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுகிறார்கள். சிறுநீர் சுலபமாகப் போக டாம்சுலோசின் மாதிரி மாத்திரை கொடுத்திருப்பார்கள், அது படுத்தவர் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். கூடவே பிபி மாத்திரை, சிலருக்குத் தூக்க மாத்திரை. டெஸ்டோஸ்டீரோன் இல்லாததால் தொடைத் தசை வேறு கரைந்திருக்கும். இருட்டில், ஈரத் தரையில், தூக்கக் கலக்கத்தில் இவ்வளவும் ஒன்றுசேர்கிறது. பின்னால் புற்றுநோய்க்கே புது ஹார்மோன் மாத்திரைகள் தேவைப்பட்டால் இது இன்னும் கூடும். அபாலுடமைடு மருந்தின் பெரிய சோதனையில் விழுந்தவர்கள் 15.6 சதவீதம், போலி மாத்திரை போட்டவர்களில் 9. எலும்பு முறிவு 11.7-க்கு 6.5. என்சாலுடமைடிலும் இதே போக்குதான். அபிராடெரோன் கொடுத்தால் கூடவே பிரெட்னிசோலோன் வரும், அந்த ஸ்டீராய்டு எலும்புக்கு இன்னொரு அடி. அதற்காக அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

எலும்பு காப்பு மருந்து எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவ உலகமே அடிபட்டுத்தான் கற்றது. எலும்புக்குப் பரவிய நோய்க்கு ஊசியாகப் போடும் கதிரியக்க மருந்தான ரேடியம் 223-ஐ அபிராடெரோனோடு சேர்த்துக் கொடுத்த சோதனையில் 29 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது, அபிராடெரோன் மட்டும் எடுத்தவர்களில் 11 சதவீதம். அதே ரேடியத்தை என்சாலுடமைடோடு கொடுத்த இன்னொரு சோதனையில், நடுவில் விழித்துக்கொண்டு எல்லோருக்கும் எலும்பு காப்பு மருந்தைக் கட்டாயமாக்கினார்கள். முறிவுகள் அதன்பின் வெகுவாகக் குறைந்துவிட்டன.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. கழிப்பறைச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி. நடுராத்திரிக்குக் கட்டில் அருகிலேயே யூரின் பாட்டில், கௌரவக் குறைச்சல் என்று மறுப்பார், கேட்டுப் பாருங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்கட்டும். காலை நடை நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தசையைக் கட்டாது. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. முதல் வாரம் ஐந்தே முடியாமல் இருக்கலாம், பரவாயில்லை. மணிக்கட்டுக் கட்டு இதற்குத் தடையில்லை.

ஊசியை நிறுத்துவது பற்றி. கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் ஊசிக்குப் பெரும்பாலும் ஒரு முடிவுத் தேதி உண்டு. தீவிரமான வகை என்றால் ஒன்றரை முதல் மூன்று வருடம் வரை. "அப்பாவுக்கு மொத்தம் எத்தனை மாதம், எந்த மாதத்தோடு முடிகிறது?" என்று கேளுங்கள். யாரும் கேட்காததால் ஊசி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு, பாதியில் தானாக நிறுத்திவிட்டு நோயோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. முடிந்த பிறகு டெஸ்டோஸ்டீரோன் மெல்லத் திரும்பினால் எலும்பும் ஓரளவு மீளும். எழுபது தாண்டியவர்களுக்கு அது திரும்ப நாளாகும்.

சில வலிகளுக்கு மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். புதிதாக முதுகுவலி வந்து படுத்தால் அதிகமாகிறது, கால் தளர்கிறது, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது, சிறுநீர் வராமல் அடைக்கிறது என்றால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று அன்றைக்கே எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். தாமதித்தால் கால்கள் திரும்பாது. எலும்பு மருந்து பல வருடம் எடுத்தவருக்குத் தொடையில் மந்தமான வலி தொடர்ந்து இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், அபூர்வமாகத் தொடை எலும்பில் விரிசல் விழும்.

அடுத்த முறை போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள். சர்க்கரை, பிபி, கேஸ், தூக்கம், மெடிக்கலில் அவராக வாங்கிய வலி மாத்திரை, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம் எதையும் விடாமல். அப்பா "அதெல்லாம் எதுக்கு" என்பார். கொட்டிக் காட்டிவிட்டு, இதில் எது என்னை ராத்திரி தள்ளாட வைக்கிறது என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.